பழைய கடிதங்களுக்கு பொலியெஸ்டர் உறை: கொழும்புக் காற்றில் எட்டு மாதம்

என்னிடம் விக்டோரியா காலத்துக் கவிஞர்களின் கையெழுத்துக் கடிதங்கள் ஐந்து இருக்கின்றன. பெரிய விலைக்குப் போகிறவை இல்லை. அதில் சேர் எட்வின் ஆர்னல்ட் எழுதிய ஒரு பக்கக் கடிதம்தான் எனக்கு உயிர். கவிமணி 'ஆசிய ஜோதி'யாகத் தமிழில் தந்த காவியத்தை 1879இல் ஆங்கிலத்தில் எழுதியவர், 1886இல் இலங்கைக்கும் வந்துபோனவர். கடல்காற்று வீசும் வெள்ளவத்தை வீட்டில் அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலையில்தான் இந்தப் பொலியெஸ்டர் உறைகளை (துணி அல்ல, தெளிவான பிளாஸ்டிக் தாள்) இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தேன். தபால் செலவு உறைகளின் விலையைத் தாண்டிவிட்டது.

ஆறாவதாக ஒரு கடிதம் இருந்தது. ஆங்கிலக் கவிஞர் டெனிசன் வயதான காலத்தில் தன் கடிதங்களில் பலவற்றை மகன் ஹாலமைக் கொண்டு எழுதுவிப்பார், அப்படி ஹாலம் கையால் எழுதிய ஒன்று. அதை ஒரு கடையில் போட்டோகொப்பி எடுக்கக் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி நல்லெண்ணத்தில் லமினேட் பண்ணித் தந்துவிட்டார். "அங்கிள், இனி நனையாது" என்றார். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் போனால் கடிதமும் கூடவே கிழியும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

இந்தப் பொலியெஸ்டர் உறையில் பசையும் இல்லை, சூடும் இல்லை, கடிதம் சும்மா உள்ளே இருக்கிறது, வேண்டும்போது எடுக்கலாம். கண்ணாடி மாதிரித் தெளிவு, விரலால் தட்டினால் படபடக்கும். மெத்தென்ற பீவீசீ பிளாஸ்டிக் உறையில் புது மழைக்கோட்டு மணம் அடிக்கும், அதிலிருந்து ஏதோ கசிகிறது என்பதற்கு அந்த மணமே அடையாளம், பழைய கடிதத்துக்கு அது ஆகாது. ஆர்னல்டின் மை இப்போது தேயிலைச் சாயத்தின் நிறம். இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சாறும் சேர்த்த அந்தக் காலத்து மை, எழுதிக் காய்ந்தபின் கறுப்பாக இருந்திருக்கும். பேனா அழுந்திய இடங்களில் பின்பக்கம் வரை இறங்கியிருக்கிறது, உறைக்குள் வைத்தபடியே திருப்பி லென்ஸால் பார்க்க முடிகிறது.

குறை ஒன்று உண்டு. நான் முதலில் எடுத்தது மூன்று பக்கம் மூடிய வகை, கொழும்புக்கு அது சரிவராது. என் அறையில் ஈரப்பதமானி பெரும்பாலும் 75 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது, உள்ளே போன ஈரம் வெளியே வராமல் நின்று, இரண்டாவது மாதமே ஒரு மூலையில் பூஞ்சணப் புள்ளி. ஈரம் கூடினால் அந்த மையும் காகிதத்தை இன்னும் வேகமாக அரிக்கும். அப்புறம் இரண்டு பக்கம் மட்டும் மூடிய வகையை எடுத்து, கடிதத்துக்குப் பின்னால் அமிலமற்ற தாள் ஒன்று வைத்து, எல்லாவற்றையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக்கமான மூடியுள்ள பெட்டிக்குள் வைத்தேன். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடவேண்டும், மே மாத மழையில் இந்த வேலை அடிக்கடி வரும். ஆறு மாதமாகப் புதுப் புள்ளி இல்லை.

பென்சிலால் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். பொலியெஸ்டரில் மின்னேற்றம் நிற்கும், பென்சில் தூளை இழுத்துவிடும். அதற்கு அமிலமற்ற காகித உறைதான் சரி.