வேங்கையிலும் தேக்கிலும் பெரிய துளையிடும் கருவிகள்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்தில் சிறிய மரவேலைக்கூடம் நடத்தும் நான், ஏற்காட்டின் பழைய தோட்ட வீடுகளில் உள்ள கதவுகளையும் அலமாரிகளையும் சீர்செய்யும் வேலையையே ஆறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் செய்துவருகிறேன். அவற்றில் பல வேங்கையாலும் தேக்காலும் ஆனவை. பெரிய துளை போட, டிரில்லில் பொருத்தும் தட்டை பிட், ஹோல் சா, ஃபார்ஸ்ட்னர் பிட் என்ற மூன்று வகைக் கருவிகளையும் மாறி மாறிப் பயன்படுத்திய பிறகு, மரத்தின் கடினத்தைவிட, துளை மறுபக்கம் வரை போகிறதா, பாதியில் நிற்க வேண்டுமா என்பதைப் பார்த்தே கருவியைத் தேர்ந்தெடுக்கிறேன்.

தட்டையான அலகு கொண்ட தட்டை பிட் விலை குறைவானது; மின்கம்பி செல்லும் மறைவான துளைகளுக்குப் போதும். வேங்கையில் விளிம்பைச் சிராய் சிராயாகப் பிய்த்துவிடும் என்பதால், வெளியே தெரியும் இடத்தில் அதை நான் தொடுவதில்லை.

உருளைப் பூட்டுக்கான 54 மில்லிமீட்டர் துளைக்கு, விளிம்பில் பற்கள் கொண்ட கிண்ண வடிவ வாளான ‘ஹோல் சா’ பொருத்தம். மரம் முழுவதையும் சீவாமல் வளையமாக மட்டும் அறுப்பதால், கை டிரில்லின் விசையே அதற்குப் போதுகிறது. ஆனால் தூள் வெளியேற வழியில்லை. முதல் ஆண்டில் ஒரு வேங்கைக் கதவில் அவசரப்பட்டு அழுத்தியதில் புகை எழுந்தது. துளையின் சுவர் கரிந்தது. பற்கள் சூட்டில் நீலம் பாரித்து மழுங்கின. இப்போது, கழிவாக விழும் உள்வட்டத்தில், அறுக்கும் கோட்டைத் தொட்டபடி 8 மில்லிமீட்டர் துளை ஒன்றை முதலில் மறுபக்கம் வரை போட்டுவிடுகிறேன். தூள் அதன் வழியே கொட்டிவிடுகிறது. பிறகு ஹோல் சாவால் அறுக்கையில், அதன் நடுவில் உள்ள வழிகாட்டி பிட்டின் முனை மறுபுறம் தெரிந்ததும் நிறுத்தி, கதவைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து முடித்தால், இரு முகங்களும் சிராயின்றி அமைகின்றன.

அலமாரிக் கீலுக்கான 35 மில்லிமீட்டர் குழி வேறு வகை. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆழத்தில், தட்டையான அடியுடன் அது நிற்க வேண்டும். ஹோல் சாவால் அது ஆகாது. அதற்கு ஃபார்ஸ்ட்னர் பிட்தான். அமெரிக்கரான பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874-இல் காப்புரிமை பெற்ற இந்த பிட், நடுமுனையை நம்பாமல் வட்ட விளிம்பாலேயே வழிநடப்பதால், பலகையின் ஓரத்தில் பாதிவட்டம் போட்டாலும் விலகுவதில்லை. தாங்கியில் நிலையாகப் பொருத்திய நிலை டிரில்லில் நிமிடத்திற்கு 500 சுற்று அளவில், அடிக்கடி தூக்கித் தூள் நீக்கி இறக்குவதே இதற்கு உகந்தது. தேக்கில் உள்ள சிலிக்கா சாதாரண எஃகு முனையை விரைவில் மழுக்கிவிடுவதால், எஃகைவிடக் கடினமான கார்பைடு முனை கொண்டதற்கு மாறினேன். கூடுதல் விலை எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் வேலை செய்வோருக்கு ஒன்று: வேங்கைத் தூள் ஈரம் பட்டால் கறையாகப் படியும். துளையிட்ட உடனே உலர்ந்த தூரிகையால் தள்ளிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம்.