அட்டைக் குதிரைத் தலை அருமை, பாட்டுத் தாளில்தான் கை இறுக்கம்

தெற்கு வேல்ஸில் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரைக்கும், ஒரு குதிரை மண்டையோட்டைக் கம்பில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, கலர் ரிப்பன் கட்டி, இரவில் வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். பேர் மாரி லூயிட். சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை என்று பெரும்பாலும் அர்த்தம் சொல்கிறார்கள், மேரி மாதாவோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. நாங்கள் கார்டிஃபுக்கு வந்து நாலாவது குளிர்காலம் இது, செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் அந்தத் தலையைப் பார்த்ததிலிருந்து என் மகள் விடவே இல்லை. நிஜ மண்டையோட்டுக்கு எங்கே போவது? நாமே கோத்துக்கொள்கிற அட்டை செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 38 பவுண்ட், தபால் செலவு தனி.

அட்டையில் குதிரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் காலத்திலேயே மண்டையோடு கிடைக்காத இடங்களில் மரத்திலும் காகிதத்திலும் தலை செய்திருக்கிறார்கள், தெற்கு வேல்ஸிலேயே கௌவர் என்கிற தீபகற்பத்தின் பக்கம் ஒரே தலையை வருஷம் முழுக்க மண்ணில் புதைத்து வைத்திருந்து கிறிஸ்துமஸுக்குத் தோண்டி எடுத்ததாகவும் குறிப்பு இருக்கிறது. அதனால் இது ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை.

கோக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. துண்டுகள் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றன, கத்தரிக்கோல் தேவைப்படவில்லை, மூக்கெலும்பின் சரிவும் பல் வரிசையும் அப்படியே வந்துவிடுகின்றன. கீழ்த்தாடையை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரு பித்தளை ஆணி, உள்ளே ஒரு ரப்பர் பேண்ட், கம்பை ஒட்டிக் கீழே இறங்குகிற ஒரு கயிறு. கயிற்றை இழுத்து விட்டால் வாய் திறந்து மூடும். ஆனால் அட்டை மேல் அட்டை மோதினால் "தப்" என்றுதான் சத்தம், எலும்புக்குரிய அந்த "டக்" வராது. நான் பல் வரிசைக்கு உள்பக்கம் ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டினேன், அப்புறம்தான் தெருமுனை வரை கேட்டது. கண்ணுக்குக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் வட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பச்சைக் கண்ணாடித் துண்டுகளை வைத்தேன், டார்ச் வெளிச்சம் பட்டதும் மகள் ஒரு அடி பின்னால் போனாள். கம்பு செட்டில் வராது, நாமே வாங்க வேண்டும். இங்கே ஜனவரித் தூறல் நிற்காது, அதனால் வார்னிஷ் இரண்டு கை அடிக்காமல் வெளியே எடுக்காதீர்கள்.

என் உண்மையான குறை செட்டோடு வந்த பாட்டுத் தாளில். மாரி லூயிட் என்பது குதிரை வேஷம் மட்டும் இல்லை, அதன் உயிரே புங்கோ என்கிற எசப்பாட்டுதான். வந்தவர்கள் வாசலில் நின்று பாட அனுமதி கேட்டுப் பாடுவார்கள், வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து மறுத்துப் பாடுவார்கள், உன் குரல் சரியில்லை, நீ குடிகாரன், நீ கஞ்சன் என்று மாறி மாறி எதுகையோடு திட்டு போகும், கடைசியில் உள்ளே இருப்பவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் கதவு திறக்கும், சாப்பாடும் பீரும் கிடைக்கும். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவர்கள் வைத்திருந்தது ஒரே ஒரு தாள், அதில் வெளியே நிற்பவர்களுக்கான மூன்று பாட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வரி கூட இல்லை! 1852-இல் வில்லியம் ராபர்ட்ஸ் என்கிற, பாப்டிஸ்ட் கிறிஸ்தவப் பிரிவின் போதகர் இந்த வழக்கத்தைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார், இதெல்லாம் அருங்காட்சியகத்தோடு போய்விட வேண்டும் என்று விரும்பியவர் அவர், அவரே பாட்டுகளை விரிவாக அச்சில் கொடுத்திருக்கிறார். அதைப் படித்துத்தான் பலர் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள் என்கிறார்கள். பிடிக்காதவரே அவ்வளவு கொடுத்திருக்கும்போது, விற்கிறவர்கள் இன்னும் ஒரு தாள் சேர்த்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மா வேல்ஷ் பேசி வளர்ந்தவர், எங்களுக்கு ஒரு வாரம் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். புத்தாண்டுக்கு முந்தின இரவு அவர் வாசலில் போய் நின்றோம். நான் துணிக்குள்ளே, மகள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு. மூன்று பாட்டையும் பாடி முடித்தோம். மூன்றுக்கும் உள்ளேயிருந்து பதில் வந்தது, எல்லாமே அவர் அப்போதே கட்டியவை. நாலாவதுக்கு எங்களிடம் வரி இல்லை. துணிக்குள்ளே எனக்கு வேர்த்துவிட்டது. அப்போது மகள் தமிழில் எடுத்துவிட்டாள்:

பனியில நனைஞ்ச பரி வந்து நிக்குது
இனியும் என்ன தாமதம், எலும்பெல்லாம் நடுங்குது

கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் "நிக்குது, நடுங்குது" என்ற அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு வேல்ஷில் ஒரு அடி பாடினார், மகள் இன்னொன்று, அவர் இன்னொன்று. மொழி இரண்டு பேருக்கும் புரியவில்லை, தாளம் தப்பவே இல்லை. கதவு திறந்ததும் நான் சமையலறை வரை ஓடித் தாடையை டக் டக்கென்று அடித்தேன், மகள் கடிவாளத்தை இழுத்து அடக்குவது போல நடித்தாள், அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான்.

தலைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், பாட்டுத் தாளுக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள், தலை ஒரு சாயந்தரத்தில் முடிந்துவிடும், பாட்டுக்குத்தான் நாள் வேண்டும். உள்ளே நின்று பதில் பாட ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள். எங்கள் குதிரை அலமாரிக்கு மேலே இருக்கிறது, வருகிற டிசம்பரில் அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறாராம், மகள் இப்போதே நோட்டில் பதில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.