மாற்றாத டர்போவுக்கு 38,000 ரூபாய்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். என் வண்டி 2012 மாடல். உள்ளே இருப்பது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா என்று நம் ஊரில் எத்தனையோ வண்டிகளில் ஓடிய அதே இன்ஜின்தான். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பேறி. அதைத் தாண்டிவிட்டால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இழுக்கும். அந்தத் தள்ளலைத் தருவது டர்போ, புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சின்ன விசிறி.

போன மாசியில் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு திம்பம் ஏறினோம். அந்தத் தள்ளல் வரவே இல்லை. 27 கொண்டை ஊசி வளைவில் ஆறாவதிலேயே முதல் கியருக்கு இறங்கிவிட்டேன். மிதித்தால் பின்னால் கரும்புகை, பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்த உஸ்ஸை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அவர் ஒரு ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, எண்ணெய் மினுங்கும் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "டர்போ போயிருச்சுங்கண்ணா. சீல் லீக்." அப்புறம் வண்டியை நின்ற இடத்திலேயே ரேஸ் செய்து, ஸ்கேனரைக் காட்டி, "பாருங்க, பிரஷரே ஏறல" என்றார். இப்படியே ஓட்டினால் இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் என்று வேறு பயமுறுத்தினார். இதுதான் கெட்டிக்காரத்தனம். டீசல் வண்டியில் அப்படி நடப்பது உண்மை. என் வண்டிக்கு அது வரவில்லை என்பதுதான் விஷயம்.

நான்கு நாள், 38,000 ரூபாய். வண்டி அருமையாக இழுத்தது. பழைய டர்போவைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிருச்சுங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து கிளட்ச் வேலைக்கு வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டர்போவைப் பிடித்திருக்கும் நட்டுகளில் துரு ஏறி, முனையெல்லாம் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒன்றில்கூட இல்லை. ஆயில் பைப்பின் தாமிர வாஷரைச் சுற்றி வருஷக்கணக்கான அழுக்கு. புதிதாக இருந்தவை இரண்டே இரண்டு: டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் சாமான்) போகும் ஹோஸ், அதன் கிளிப். "ஹோஸ் வெடிச்சிருக்கும், மாத்தியிருக்காங்க. இதைத் தொடவேயில்லீங்க தம்பி." அந்த ஹோஸ் என்ன விலை இருக்கும் என்று கேட்டேன். கிளிப்போடு சேர்த்து 1,600 ரூபாய் என்றார்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஹோஸுக்குள் லேசாக எண்ணெய்ப் படலம் இருப்பது பழைய டீசல் வண்டியில் சகஜம். இன்ஜினின் ஆயில் ஆவி அந்த வழியாகத்தான் திரும்பப் போகிறது. குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நின்ற இடத்தில் ரேஸ் செய்து டர்போவைப் பார்ப்பது ஏமாற்று அல்லது அறியாமை. சுமை இல்லாமல் டர்போ பெரிதாக அழுத்தம் கட்டாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதிக்க, பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் மேப் சென்சாரை, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாரை, பார்க்கட்டும். ஐடிலில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்கும் எண், நல்ல டர்போ என்றால் 200 பக்கம் போய்விடும். 110, 120-லேயே நின்றால் கோளாறு இருக்கிறது. ஆனால் அப்போதும் முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான். கரும்புகையும் உஸ்ஸும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் காற்று எங்கோ கசிகிறது. சீல் போயிருந்தால் புகை நீலமாக வரும், ஆயில் அளவும் இறங்கும்.

டர்போவின் தண்டை ஆட்டிக் காட்டினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும், எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றுகிற சாமான் அது. முன்னும் பின்னும் கையில் தட்டுப்படும்படி ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் போச்சு. இவ்வளவுக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால், தகட்டில் இருக்கும் சீரியல் எண்ணை வேலைக்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

பழைய ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். மனிதர் கோபப்படவே இல்லை. டீ சொன்னார். "பில்லைப் பாருங்கண்ணா. 'டர்போ வேலை'ன்னுதானே எழுதியிருக்கேன்? டர்போ மாத்தினேன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கேனா?"

டேஷ்போர்டிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டு, நீல பேனா. அப்படித்தான் எழுதியிருந்தது.