பிகேஎம்-1, அர்கா ரக்ஷக், கம்பெனி ஹைப்ரிட்: அட்டையில இருக்கிறதும் வயல்ல வந்ததும்

அர்கா ரக்ஷக்ங்கிற தக்காளி ஹைப்ரிட் (ரெண்டு ரகத்தை கலந்து எடுத்த விதை) பத்தி பேசினாலே "ஒரு செடிக்கு 19 கிலோ"ங்கிற கதை வந்துரும். கர்நாடகாவுல ஒரு விவசாயி எடுத்தாருன்னு நியூஸ்ல வந்தது, அதையே பிடிச்சு எல்லாரும் விளம்பரம் பண்றாங்க. கணக்கு போட்டு பாருங்க, ஏக்கருக்கு 10,000 செடின்னா 190 டன். ஆனா விதையை உருவாக்குன பெங்களூர் ஐஐஹெச்ஆரே (இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்) ஹெக்டேருக்கு 75-80 டன்னுதான் சொல்றாங்க, அதாவது ஏக்கருக்கு 30 டன் சொச்சம், செடிக்கு மூணு கிலோ. அதுவே நல்ல விளைச்சல்தான், அப்புறம் எதுக்கு 19?

மத்தபடி ரகம் சோடை போகல. காய் கெட்டி, 90-100 கிராம் வரும், பெட்டியில அடுக்கி மார்க்கெட் போனாலும் நசுங்காது. இலை சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூணுக்கும் எதிர்ப்பு உண்டு. இந்த "மூணு"ங்கிறத கவனிங்க. போன தடவை நுனி கருகி, காய்ல வட்டம் வட்டமா வளையம் விழுந்துச்சு. அது இலைப்பேன் பரப்புற வேற வைரஸ், அதுக்கு இதுல எதிர்ப்பு கிடையாது. "நோய் எதிர்ப்புன்னு சொன்னீங்களேண்ணே"ன்னு கடையில கேட்டா "தம்பி, எல்லா நோய்க்கும்னு நான் எப்பப்பா சொன்னேன்?"ங்கிறாரு. அவர் சொன்னது சரிதான், நான்தான் கேக்காம வாங்கிட்டேன்.

பிகேஎம்-1 நேர் எதிர். பெரியகுளத்துல வந்த ரகம், அன்னஞ்சிங்கிற உள்ளூர் தக்காளியில மியூட்டேஷன் (விதையோட மரபுல மாத்தம் வரவைக்கிறது) பண்ணி எடுத்தது. ஆன்லைன்ல சிலர் இதையே "பாரம்பரிய நாட்டு விதை"ன்னு பாக்கெட் போட்டு அஞ்சு மடங்கு விலைக்கு விக்கிறாங்க, சிரிப்பா வருது. ஹெக்டேருக்கு 30-35 டன்னுதான் கணக்கு. தட்டையான காய், காம்புப் பக்கம் பச்சை, குழம்புக்கு போட்டா புளி பாதி போதும். குச்சி கட்டாமலே சமாளிக்கலாம். ஆனா தோல் மெல்லிசு, அறுவடை நேரத்துல ரெண்டு நாள் மழை பிடிச்சா வெடிச்சு நாசம். அடுத்த போகத்துக்கு நம்மளே விதை எடுத்துக்கலாம், அதுதான் எனக்கு பெரிய விஷயம். ஹைப்ரிட்ல எடுத்தா அடுத்த தலைமுறை ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னு கலந்து நிக்கும்.

கம்பெனி ஹைப்ரிட் ஒண்ணு, பேர் வேண்டாம். அட்டையில கொத்து கொத்தா சிவப்பு, போட்டோவுக்கே பாதி காசு போயிருக்கும். 98 குழி ட்ரேல குழிக்கு ஒண்ணுன்னு போட்டேன், 61 தான் முளைச்சுச்சு. தக்காளிக்கு குறைஞ்சபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், அதே நம்பர் அட்டைக்கு பின்னாடி பொடி எழுத்துல இருந்தது, சோதனை பண்ண தேதிய பாத்தா காலாவதிக்கு சில வாரம்தான் பாக்கி. வந்த செடி வந்த வரைக்கும் நல்லாதான் காய்ச்சது, பொய் சொல்லக்கூடாது, ஆனா மண்ணை மூடுற மல்ச்சிங் சீட்டு, சொட்டுநீர், கம்பி, கயிறுன்னு செலவு விதை விலைய விட பல மடங்கு. இதெல்லாம் இல்லாம அட்டையில இருக்க மாதிரி வராது, அதை அட்டை சொல்லாது.

ஒரு சின்ன விஷயம், பாக்கெட்டுல பச்சை லேபிள் இருந்தா அது உண்மைநிலை விதை, கம்பெனியே குடுக்கிற வாக்குறுதி. நீல லேபிள்தான் சான்று விதை. ஹைப்ரிட் பாக்கெட்ல நான் பாத்ததெல்லாம் பெரும்பாலும் பச்சைதான்.

வீட்டுக்கும் பக்கத்து சந்தைக்கும்னா நான் பிகேஎம்-1 தான் போடுவேன். மண்டிக்கு லோடு ஏத்துறவங்களுக்கு ரக்ஷக், கூடவே பூச்சி பிடிக்கிற மஞ்சள் ஒட்டும் அட்டையோட நீல ஒட்டும் அட்டையும் சேத்து கட்டணும், நீலம்தான் இலைப்பேனுக்கு. இந்த தடவை ரெண்டையும் பாதிப்பாதி நட போறேன், கம்பெனி பாக்கெட்ல மிச்சம் இருந்த விதைய ஈரத்துணியில போட்டு மடிச்சு வெச்சிருக்கேன், எத்தனை முளைக்குதுன்னு பாத்துட்டுதான் ட்ரேய எடுக்கணும்.