பெங்களூரில் போட்டி பிஸ்டல் வாங்க ஒரு சிறிய கடை

துப்பாக்கி சுடும் விளையாட்டில் பத்து மீட்டர் காற்று பிஸ்டல் பிரிவில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோர் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் பிஸ்டலை வாங்கலாம் என்பதைத்தான். என் மகளுக்குச் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கி, அதைப் பராமரித்து, போட்டிகளுக்கு அழைத்துச் சென்று பார்த்த பிறகு, யாரிடம் வாங்குவது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்தினி, ஃபைன்வெர்க்பாவ் ஆகிய ஐந்தில் எதை எடுத்தாலும் குழலின் துல்லியத்தில் குறை காண முடியாது; ஆனால் அதைக் கைக்குப் பொருத்தித் தருபவரும், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசியும்போது அதை மாற்றித் தருபவரும் ஊரில் இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த பிஸ்டலும் பெட்டியிலேயே கிடக்கும். இந்த இரண்டு வேலைகளையும் பொறுப்பாகச் செய்யும் ஒரு சிறிய கடை சிவாஜிநகரை ஒட்டிய ஒரு பழைய தெருவில் இருக்கிறது. துப்பாக்கிக் கடையின் பெயரும் முகவரியும் இணையத்தில் பரவுவதை உரிமையாளர் விரும்பாததால் அவற்றை இங்கே எழுதவில்லை. நகரின் பயிற்சி மையங்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

வட ஆர்க்காட்டிலிருந்து வந்து பெங்களூரில் நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பம் நடத்தும் கடை இது. அப்பா காலத்தில் 12 போர் (bore) என்ற குழல் அளவுள்ள துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அவற்றை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கும் பணியும் இவர்களிடம் உண்டு. இப்போது கடையை நடத்தும் மகன் இளமையில் தாமே பிஸ்டல் சுட்டவர் என்பதால், கடையின் பின்பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பிடிமானக் கருவி, அரம், மரத்தூள், எடைக்கற்கள் என்று போட்டி பிஸ்டலுக்கான சிறிய பணிமனையை அமைத்திருக்கிறார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டல் பிரிவில் பங்கேற்ற பி.என். பிரகாஷ் பெங்களூர்க்காரர், மனு பாக்கர் 2024 பாரிசில் இரண்டு வெண்கலங்கள் வென்ற பிறகு என் மகள் வயதுப் பெண்கள் பயிற்சி மையங்களில் கூடியிருப்பதையும் கண்ணால் பார்க்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் இந்தப் பணிமனை போன்றவை இன்னும் பத்து இருக்க வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் பிஸ்டலை எடுத்து நீட்ட மாட்டார். எவ்வளவு காலமாகப் பயிற்சி செய்கிறாய், பயிற்சி மையத்தின் பிஸ்டலில் அறுபது குண்டுகளுக்கு எவ்வளவு எடுக்கிறாய், தோள் எப்போது வலிக்கத் தொடங்குகிறது என்று பிள்ளையிடம்தான் கேட்பார். பெற்றோர் குறுக்கிட்டுப் பதில் சொன்னால் மெல்லத் தலையசைத்துவிட்டு மீண்டும் பிள்ளையின் முகத்தையே பார்ப்பார். காரணம் எளியது. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பொருளை ஒரே கையால் தூக்கி, 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். அதற்கு முன்னுள்ள பதினைந்து நிமிடத் தயாரிப்பு நேரத்திலும் தூக்க வேண்டும். இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமோ 11.5 மில்லிமீட்டர். இந்த உழைப்பைத் தாங்கும் உடல் யாருடையதோ அவரிடம் கேட்பதுதான் முறை.

சுடுவதற்காக விரலால் இழுக்கும் விசை (trigger) மின்னணு விசையா, இயந்திர விசையா என்ற கேள்விக்கு அவர் அளித்த பதில் எனக்குப் பிடித்திருந்தது. மின்னணு விசையில் சுடாமலே பயிற்சி செய்வது எளிது, ஒவ்வொரு முறையும் விசை ஒரே மாதிரி விடுபடும், ஆனால் பேட்டரியையும் மின்சுற்றையும் கவனிக்கும் பழக்கம் வேண்டும். இயந்திர விசையைத் திருகாணியால் சரிசெய்துகொள்ளலாம், பழுதானால் உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். 2021 டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, அதைச் சீர்செய்வதிலேயே அரிய நிமிடங்கள் கழிந்து, 575 புள்ளிகளோடு இறுதிச் சுற்றைத் தவறவிட்டதை அவர் நினைவுபடுத்தினார். உலகத் தரத்து வீராங்கனைக்கே நேர்ந்தது யாருக்கும் நேரலாம் என்பதால், பிஸ்டலோடு எந்தெந்த உதிரிப் பாகங்களைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை விற்பனையின்போதே எழுதித் தருகிறார். விலை கூடிய மாதிரியை எங்கள் தலையில் கட்ட அவர் முயலவில்லை. நாங்கள் இயந்திர விசை உள்ளதையே எடுத்தோம்.

கைப்பிடி பொருத்தும் வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடைக்குப் போக வேண்டியதே அதற்காகத்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் மரக் கைப்பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று சில அளவுகளில்தான் கிடைக்கும். மனிதக் கைகளுக்கு அப்படி வரையறுத்த அளவு கிடையாது. அவர் முதலில், "கண்ணை மூடிக்கிட்டு நிலையில நின்னு கையைத் தூக்கும்மா, நான் சொன்னதும் கண்ணைத் திற" என்றார். கண்ணைத் திறக்கும்போது, குறிபார்க்க உதவும் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நிற்க வேண்டும். என் மகளுக்கு அது இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. மணிக்கட்டைத் திருகி அதை நடுவுக்குக் கொண்டுவருவது தற்காலிகச் சரிக்கட்டல் என்றும், ஐம்பதாவது குண்டில் களைப்பு வந்ததும் மணிக்கட்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்றும் விளக்கி, கைப்பிடியின் கோணத்தைச் சிறிது மாற்றினார். பிறகு உள்ளங்கையில் சுண்ணக்கட்டித் தூளைப் பூசிப் பிடிக்கச் சொன்னார். தூள் ஒட்டாத இடம் பள்ளம், அழுந்த ஒட்டிய இடம் மேடு. மேட்டை அரத்தால் தேய்த்து, பள்ளத்தை மரப்பசையால் நிரப்பி, காய வைத்து, மறுபடி தூள் பூசிப் பார்த்தார். அளவு சட்டை கொடுத்துத் தைப்பதைப் போன்ற வேலை இது. ஒரே அமர்வில் முடியாது. ஒரு வாரம் பயிற்சி செய்துவிட்டு, எங்கே சிவக்கிறது, எங்கே நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டு மறுபடி வரச் சொன்னார், வந்தோம், மீண்டும் தேய்த்தார்.

விதிகளைத் தெரிந்துகொண்டு தேய்க்கிறார் என்பது அடுத்த சிறப்பு. மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது. கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. உள்ளங்கையின் அடிப்பகுதி தங்கும் பலகை கைப்பிடியோடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், அதன் விளிம்பு மேல்நோக்கி வளையக் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் இந்த விதிகளை மறந்து, பிடிப்பு நன்றாக இருக்கிறதே என்று பசையை அப்பிக்கொண்டு போய், கருவிச் சோதனையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இவர் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிஸ்டலை 420, 200, 50 மில்லிமீட்டர் உள்ளளவுகள் கொண்ட ஒரு மரப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். போட்டியிலும் பிஸ்டல் அந்த அளவுப் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. வளரும் கை என்பதால், பலகைக்கும் கட்டைவிரல் தாங்கலுக்கும் இடையே சிறிது இடம் விட்டே முடித்தார்.

விசைப் பளு, அதாவது விசை விடுபடத் தேவையான இழுப்பின் அளவு, குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்கும்போது விசை விடுபடாமல் கல் மேலே எழ வேண்டும். சோதனையின்போது காற்றும் நிரம்பியிருக்க வேண்டும். சரியாக 500-லேயே வைத்துக்கொண்டால் விசை இலகுவாக இருக்கும் என்று எண்ணும் இளைஞர்களை இவர் கண்டிக்கிறார். திருகாணி சற்றே இளகினாலும் பளு குறையும்; போட்டி முடிந்த பின் நடக்கும் சோதனையில் தவறினால் தகுதி நீக்கம்தான். ஆகவே பத்து இருபது கிராம் கூடுதலாகவே வைத்துத் தருகிறார். விசைத் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி அதில் படும்படியும், விரலின் பக்கம் மரத்தில் உரசாதபடியும் அமைத்தார். இந்தச் சிறு மாற்றத்துக்குப் பிறகு மகளின் குண்டுகள் இடப்பக்கம் சிதறுவது நன்றாகவே குறைந்தது.

காற்றுச் சிலிண்டரைப் பற்றிப் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்கும் அந்தச் சிலிண்டரில் தயாரித்த தேதி பொறிக்கப்பட்டிருக்கும். பத்தாண்டுகள் முடிந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது, அதன் செல்லுபடித் தேதியைக் கவனிப்பது வீரரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. பழைய பிஸ்டலைக் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் இந்தத் தேதியைப் பார்க்காமல் ஏமாறுகிறார்கள். இவர் பழையதை விற்கும்போது தேதியை ரசீதிலேயே எழுதுகிறார். கசிவு இருக்கிறதா என்பதை அறிய, நிரப்பிய சிலிண்டரை இரவு முழுதும் வைத்திருந்து, மறுநாள் காலை அழுத்தம் குறையவில்லை என்று உறுதி செய்த பிறகே ஒப்படைக்கிறார். நிரப்பும் காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே துரு பிடிக்கும் என்பதால், பெங்களூரின் மழைக்காலத்தில் வடிகட்டியை அடிக்கடி மாற்றவும் சொல்கிறார்.

காற்று பிஸ்டலில் சுடும் சிறு குண்டுகளான பெல்லட்டுகளில் தேர்வு குறைவு. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்றவை வந்தால் வாங்கிக்கொள்ளலாம், வராத மாதங்களில் காத்திருக்க வேண்டும். தலை விட்டம் 4.49 மில்லிமீட்டர் ஒரு பிஸ்டலுக்குப் பொருந்தும், 4.50 இன்னொன்றுக்குப் பொருந்தும்; பிடிமானத்தில் பிஸ்டலை இறுக்கிச் சில வகைகளைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியை இவர் தருகிறார். ஈயம் கலந்தவை என்பதால் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்வதையும் கவனித்தேன்.

சட்ட விஷயத்தில் இவர் எதையும் தளர்த்துவதில்லை. குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும், வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிக் காற்று பிஸ்டல்கள் அந்த வரம்புக்கு வெகு கீழேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் அடையாள அட்டையின் நகலும் பயிற்சி மையத்தின் கடிதமும் இல்லாமல் விற்பதில்லை. 25 மீட்டர் போட்டிக்கான .22 பிஸ்டலுக்கு வந்தால் கதை வேறு: அது வெடிமருந்தால் சுடும் துப்பாக்கி, அதற்கு உரிமம் கட்டாயம், பெங்களூர் நகரில் அதை வழங்கும் அதிகாரம் காவல் ஆணையருக்கு உரியது. உரிமம் வருவதற்கு முன் முன்பணம் கொடுக்க வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்தேன். அந்த நேர்மைக்காகவே இவரிடம் மறுபடி போகலாம்.

குறைகளும் உண்டு. விலைப்பட்டியல் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் அறிய வேண்டும், இது கூச்சமுள்ளவர்களைத் தயங்க வைக்கும். இடக்கையர்களுக்கான கைப்பிடி கையிருப்பில் இருப்பதேயில்லை, வரவழைக்க மாதங்கள் ஆகின்றன. உரிமையாளர் அரசு அலுவலகங்களுக்குப் போயிருக்கும் நாள்களில் கடையில் இருக்கும் உதவியாளரால் விற்கத்தான் முடியுமே தவிர, அரத்தைத் தொட முடியாது; தொலைபேசியையும் எடுப்பதில்லை. தொலைவிலிருந்து பேருந்தில் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருபவருக்கு இது பெரிய தொல்லை. வரும் நாளை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏற்பாட்டை அவர் செய்தாக வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

புதிய இயந்திர விசைப் பிஸ்டல் இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது, மின்னணு விசை உள்ளவை அதைத் தாண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரும் தொகை; அதனால் முதல் ஆண்டில் பயிற்சி மையத்தின் பிஸ்டலிலேயே சுடட்டும் என்று அவரே பலருக்குச் சொல்லி அனுப்புகிறார். அவரிடம் வாங்கிய பிஸ்டலுக்குக் கைப்பிடி வேலை முதல் ஆண்டு முழுதும் இலவசம். வேறிடத்தில் வாங்கியதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் மறுப்பதில்லை. மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் பணிமனை நிரம்பிவிடும் என்பதால், ஓ-ரிங் மாற்றுவதையும் விசைப் பளு சரிபார்ப்பதையும் ஒரு மாதம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. போகும்போது பிள்ளையையும், பிஸ்டலின் அசல் பெட்டியையும், கடைசியாகச் சுட்ட சில இலக்கு அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். அட்டைகளைப் பார்த்த பிறகுதான் அவர் வேலையைத் தொடங்குவார்.