காரைக்குடியில் பாஞ்சோ, மாண்டலின் கற்க ஓர் இடம்

செக்காலைப் பக்கம் ஒரு பழைய வளவு வீட்டில் இந்த வகுப்பு நடக்கிறது. போர்டு கிடையாது. தெருவில் நின்றாலே பாஞ்சோ (தோல் கட்டிய வட்ட முகமுள்ள தந்தி வாத்தியம்) சத்தம் கேட்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சொல்லித்தருகிறவர் பல வருஷம் கப்பலில் இசைக் குழுவோடு வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். அமெரிக்க நாட்டுப்புற இசை, ப்ளூஸ், ஜாஸ் என்று மூன்று பாணியும் எடுக்கிறார். மாதம் 1,500 ரூபாய், வாரம் இரண்டு வகுப்பு.

நான் கர்னாடக மாண்டலின் கற்றவள். யு. ஸ்ரீனிவாஸ் வாசிப்பைக் கேட்டுத்தான் அந்த வாத்தியத்தின் மேல் ஆசையே வந்தது. ஆனால் அவர் வாசித்தது ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலின். இங்கே கையில் கொடுப்பது இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி, ஜி டி ஏ இ என்று சுருதி கூட்டியது. அதில் கமகத்துக்கு இழுத்தால் விரல்தான் வலிக்கும். முதல் வகுப்பிலேயே சார் சொல்லிவிட்டார்: "டீச்சர், இடது கைக் கமகத்தைக் கொஞ்ச நாள் மறந்துடுங்க. விஷயம் பூரா வலது கையிலதான் இருக்கு."

இந்த வகுப்பின் பலமே அதுதான். பாட்டுக்கு அவசரப்படுவதில்லை. அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்றோ வளர்த்தெடுத்த ப்ளூகிராஸ் என்ற நாட்டுப்புறப் பாணிக் குழுவில் பொதுவாக டிரம்ஸ் இருக்காது. தாளத்தின் இரண்டாவது, நாலாவது அடியில் மாண்டலின்தான் 'டக்' என்று வெட்ட வேண்டும். தந்தியை அடித்த நொடியே இடது கை விரல்களைத் தளர்த்தினால் நாதம் நின்று வெறும் தட்டு மட்டும் மிஞ்சும். விரலை முழுக்க எடுத்துவிட்டால் தந்தி ரீங்காரமிடும், எடுக்காவிட்டால் ஸ்வரம் நீளும். இந்த நூலிழையைப் பிடிக்கும்வரை சார் அடுத்த பாடத்துக்கு விடவே இல்லை. விடாததற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

பாஞ்சோ பாடம் அதைவிட அருமை. பெருவிரலில் பிளாஸ்டிக் நகம், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோக நகம் மாட்டிக்கொண்டு மூன்று விரலால் மீட்ட வேண்டும். 1945 கடைசியில் மன்றோ குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிரபலமாக்கிய முறை இது. எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு சுற்றை எண்ணி எண்ணிக் குழம்பிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் சார், "எண்ணாதே தம்பி, சொல்லு: தகிட தகிட தக" என்றார். மூன்று, மூன்று, இரண்டு. அவன் கை உடனே ஓடத் தொடங்கிவிட்டது. எங்கோ அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த சுற்று நம் சொற்கட்டில் அச்சாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஐந்து தந்திப் பாஞ்சோவில் ஐந்தாவது தந்தி குட்டையானது. கழுத்தின் நடுவிலேயே தொடங்கும். பெருவிரல் அதைத் தட்டிக்கொண்டே இருக்க, ஒரே ஸ்வரம் சுருதி போலக் கூடவே வரும். வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயரின் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும், வீணையின் பக்கத் தந்திகளைச் சுண்டுவிரலால் மீட்டுவதை எத்தனை முறை பார்த்திருப்போம்! பாஞ்சோவின் முன்னோர் மேற்கு ஆப்பிரிக்காவில் தோல் கட்டிய சுரைக்குடுக்கை வாத்தியங்கள். அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு அது அமெரிக்கா போன கதையைச் சார் பாடத்தோடு சேர்த்தே சொல்கிறார். அதைத் தெரிந்துகொண்டு வாசிக்கும்போது கை தானாக மரியாதை கற்றுக்கொள்கிறது.

ஒரு சிக்கல், சத்தம். உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை; பாஞ்சோவின் ஒலி சுவருக்குச் சுவர் மோதும். வீட்டு ஆச்சி ஒருநாள் சாரிடம் வந்து, "பேரன் தூங்குறான் அப்பச்சி" என்று கெஞ்சினார்கள். அன்றிலிருந்து பாஞ்சோவின் பின்பக்கம் ஒரு சின்னத் துண்டை மடித்துச் செருகித்தான் வாசிப்பு. ஒலி பாதியாகிறது, தெளிவும் கூடுகிறது. வீட்டில் பழகுகிறவர்களும் இதைச் செய்யலாம்.

ப்ளூஸ் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. 12 பார் (தாள ஆவர்த்தனம் போல) கொண்ட சுழற்சி எளிதுதான், மூன்றே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. ஆனால் கீழே கார்டில் அந்தர காந்தாரம் ஒலிக்க, மேலே மெட்டில் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரத்தைத் தொட்டு அழுத்த வேண்டும். நம் காதுக்கு அபஸ்வரம். அமெரிக்கக் கலைஞர் யாங்க் ராச்செல் மாண்டலினில் வாசித்த ப்ளூஸை சார் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். அந்த உரசலில்தான் உயிரே இருக்கிறது என்று மெல்லப் புரிந்தது.

ஜாஸ் பகுதி போதாது என்பேன். 1925-ல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு ரெகார்டிங்கில் ஜானி செயின்ட் சிர் பாஞ்சோ வாசித்தது, பிறகு அந்த இடத்தை கிட்டார் பிடித்தது எல்லாம் சுவையாகச் சொல்கிறார். ஆனால் ஜாஸில் அதிகம் புழங்கும் நாலு தந்தி டெனார் பாஞ்சோ வகுப்பில் இல்லை. அது சி ஜி டி ஏ. மாண்டலினைப் போலவே தந்திக்குத் தந்தி பஞ்சம இடைவெளி, ஆகவே மாண்டலின் விரல் பழக்கம் அப்படியே செல்லுபடியாகும். ஒன்று வாங்கிப் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. எழுதிய நோட்ஸும் தருவதில்லை, எல்லாம் காதால் பிடிக்க வேண்டும். எனக்குப் பழக்கம்தான், ஆனால் ஒரு வகுப்பு விட்டால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஐந்து தந்திப் பாஞ்சோவும் ஒன்றே ஒன்று. முறை வைத்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

சேருகிறவர்கள் அவசரப்பட்டு வாத்தியம் வாங்காதீர்கள். சாதாரணக் கடையில் பாஞ்சோ கேட்டால் கட்டையை அழுத்தி வாசிக்கிற புல்புல்தாராவை எடுத்து நீட்டலாம். ஆன்லைனில் வாங்கினால் கவனம்: பாஞ்சோவில் தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டப்படாமல் தனியாக நகரும்; அதைச் சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் மேல் ஸ்வரங்கள் எல்லாம் சுருதி விலகும். சாரிடம் கொண்டுபோனால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த கம்பியில்) சரிபார்த்து வைத்துத் தருகிறார், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணி, பெரியவர்களுக்கு ஏழு.