பையனை மெதுவாக ஓடவிடும் கோச்: ஒன்பது மாத அனுபவம்

கோவையில் என் பையன் போகும் ஓட்டப் பயிற்சி முகாம் இது. மாதம் 1,500 ரூபாய், மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட வேண்டும், காலை 5.30 மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் எனக்குச் செம எரிச்சல். 14 வயது, பள்ளியில் 3000 மீட்டர் ஓடுகிறவன். அவனைப் போய் வாரத்தில் பாதி நாள் பேசிக்கொண்டே ஓடச் சொல்கிறார் கோச். நிஜமாகத்தான், பக்கத்தில் ஓடுபவனிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முடிவில் 80 மீட்டர் நாலைந்து தடவை, பாய்ந்து ஆனால் முக்காமல். கடுமையான வேக ஓட்டம் வாரத்துக்கு ஒரே நாள். இதற்கா காசு என்று தோன்றியது.

ஏனென்றால் முன்பு போன இடத்தில் (பெயர் வேண்டாம்) வாரம் நாலு நாள் 400 மீட்டர் ரிப்பீட் (அதே தூரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடுவது), வாந்தி எடுத்தால்தான் உழைத்ததாகக் கணக்கு. மூன்றே மாதத்தில் 3000 மீட்டர் நேரத்தில் 40 நொடி குறைந்தது, குறுவட்டத்தில் முதலிடம், வீட்டில் பாயசம். அடுத்த மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலி. அந்த வருஷம் விறுவிறுவென வளர்ந்திருந்தான். எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது, தொடைத்தசையின் இழுப்பெல்லாம் இன்னும் கெட்டிப்படாத எலும்பு நுனியில் போய் விழும் என்று பிசியோ விளக்கினார். மாவட்டப் போட்டியை கேலரியில் உட்கார்ந்துதான் பார்த்தான்.

இங்கே மாதம் ஒருமுறை பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளக்கிறார்கள். உயரம் மளமளவென்று ஏறுகிற மாதத்தில் அந்தப் பிள்ளைக்குக் குதிப்பும் வேக ஓட்டமும் கட். இது ஒன்றுக்கே காசு கொடுக்கலாம்.

ஒருநாள் ஆசைப்பட்டு, 21 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். 2003-ல் பாரிஸ் உலகப் போட்டியில் 18 வயதிலேயே 5000 மீட்டர் தங்கம் வாங்கிய கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே, முதல் மாரத்தான் (42 கிலோமீட்டர்) ஓடியது 2013-ல்தான் என்றார் கோச். "உங்களுக்கு என்ன சார் அவசரம்?" பதில் சொல்லத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கோச், கூட ஒரு உதவியாளர், அதனால் யார் காலை எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்த நேரமே இருப்பதில்லை. என்ன ஓடினார்கள் என்று எழுதியும் தருவதில்லை, நானே நோட்டுப் போட்டு எழுதுகிறேன். மழை நாளுக்கு ஈடு கிடையாது. கழிவறையைப் பற்றிப் பேசவே வேண்டாம், பெண் பிள்ளைகள் பாவம்.

அப்புறம், அடுத்த வருஷமே மெடல், ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று கணக்குப் போடுபவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. ஏற்கெனவே இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள், அதில் ஒருவர் நேராக எங்கள் பழைய இடத்துக்கே. என் பையனின் பழைய நேரத்தில் ஒன்பது மாதத்தில் 6 நொடிதான் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு நாள்கூட வலி என்று உட்காரவில்லை, அலாரம் வைத்து அவனே எழுந்து என்னை எழுப்புகிறான். அடுத்த மூன்று மாதத்துக்கும் கட்டிவிட்டேன். ஐந்துக்கு நாலு ஸ்டார், குறைத்த ஒன்று கழிவறைக்கு.